டிக்கிக்கு அடியில் டர்போ

மே 4, ஞாயிறு

இன்று குல்சினாவின் செருப்பு உருகிவிட்டது. காலில் போட்டிருக்கும்போதே.

அவள் கால் வைக்கும் இடத்துக்கு நேர் முன்னால், தகரத்துக்கு அந்தப் பக்கம்தான் என் டர்போ இருக்கிறது, புகையின் வேகத்தில் சுழன்று எஞ்சினுக்குள் காற்றைத் தள்ளும் விசிறி. பானெட்டுக்குள் அதற்கு வேறு இடமே இல்லை. நான் என்ன செய்ய? போன மாதம் பேட்டரி மூடி வளைந்தது. கண்ணாடி கழுவும் தண்ணீர் கொதித்தது. அப்போதெல்லாம் வாயே திறக்காதவள் இன்று திறந்தாள்.

"ஏங்க, இது காரா, ரொட்டி சுடுற அடுப்பா?"

சிரித்திருக்கக் கூடாது. சிரித்தேன்.

"ஜூலையில எங்கப்பாவுக்கு எழுபது. போன வருஷம் மாதிரி இந்த வண்டிக்குக் கயிறு கட்டுனா, நான் அக்கா வண்டியில ஏறிக்குவேன். திரும்பி வர்றதும் அதுலதான். அப்புறம் இந்த டர்போ நம்ம வீட்டுல இருக்காது. இப்பவே சொல்லிட்டேன்."

போன வருஷம்! அதை எழுதவே கை கூசுகிறது. கணவாய் உச்சியில் உலர்ந்த தயிர் உருண்டை விற்கும் கடையில் அவள் அக்கா சாயிரா கையை ஆட்டிக் கூப்பிட்டாள். மரியாதைக்காரனாச்சே நான், ஏறிவந்த சூட்டோடு எஞ்சினை அணைத்துவிட்டு ஓடினேன். அப்படி எத்தனையோ முறை அணைத்திருக்கிறேன். டர்போவுக்குள் நின்றுபோன எண்ணெய் ஒவ்வொரு முறையும் வெந்து வெந்து அன்றைக்கு முழுக்கக் கரியாகிவிட்டது. டர்போ இறுகியது, வண்டி செத்தது. சாயிராவின் கணவன் ஜோல்தோஷ், என் அருமைச் சகலை, தன் புத்தம்புது ஜீப்பில் கயிறு கட்டி, மாமனாரின் மேய்ச்சல் நிலம்வரை கல்யாண ஊர்வலம் மாதிரி ஹாரன் அடித்துக்கொண்டே இழுத்துப்போனான். குதிரைகள்கூடத் திரும்பிப் பார்த்தன.

திரைச்சீலை விற்கிறவன். அவனுக்கு எஞ்சினைப் பற்றி என்ன தெரியும்?

மே 6, செவ்வாய்

முடிவு செய்துவிட்டேன். டர்போ பின்னால் போகிறது. டிக்கிக்கு அடியில், சைலன்சர் இருந்த இடத்துக்கு.

மே 18, ஞாயிறு

கேட்பவர்கள் எல்லாரும் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும். பின்னால் காற்றுப் படும், இடம் தாராளம், யார் காலும் அங்கே இல்லை. ஒரே குறை, புகை அவ்வளவு நீளக் குழாயில் போவதற்குள் ஆறிப்போகும். ஆறினால் அதற்குத் தள்ளும் வலு குறையும். அதனால் சூடு வெளியே போகாத பட்டியைக் குழாய் முழுக்கச் சுற்றினேன், அடிபட்ட காலுக்குக் கட்டுப் போடுவதுபோல. முன்னால் இருந்தபோது சூட்டை விரட்டினேன், இப்போது சூட்டைப் பிடித்து வைக்கிறேன். என் பிழைப்பைப் பார்!

எண்ணெயை எஞ்சினுக்குத் திருப்பி அனுப்ப ஒரு சின்ன பம்பும் வைத்தாயிற்று.

மே 25, ஞாயிறு

முதல் ஓட்டம். பட்டி புதிது, புகைந்து தள்ளியது. பக்கத்து வீட்டுக்காரர் தட்டை எடுத்துக்கொண்டு வந்து, "கறி ஆயிடுச்சா?" என்றார்.

ஜூன் 14, சனி

ஓடுகிறது! மிதித்ததும் ஒரு பெருமூச்சு விடுகிறது, யோசிக்கிறது, பிறகு தள்ளுகிறது பார் – ஆகா. குல்சினாவை நான் கல்யாணத்துக்குக் கேட்டபோது அவளும் இப்படித்தான் யோசித்தாள்.

ஹேண்ட்பிரேக் கம்பி குழாயை உரசிக்கொண்டு போகிறது. வெந்துவிடும். கழற்றி வைத்திருக்கிறேன், பிறகு வேறு வழியாகப் போட வேண்டும். எங்கள் பிஷ்கெக் நகரம் சமதரைதானே, அவசரமில்லை.

ஜூன் 29, ஞாயிறு

"மெலிஸ்! என் அடுப்புத் தட்டு எங்க?"

பேரைச் சொல்லிக் கூப்பிட்டாள். கல்யாணமான நாளிலிருந்து இது இரண்டாவது முறை.

டிக்கித் தரைக்கும் டர்போவுக்கும் நடுவில் ஒரு தடுப்புத் தகடு வேண்டியிருந்தது. நல்ல கனம், நல்ல அகலம், ஏற்கெனவே சூட்டுக்குப் பழகியது. நியாயமாகப் பார்த்தால் அதைவிடப் பொருத்தமான பொருள் உண்டா? நியாயமாகப் பார்க்கும் மனநிலையில் அவள் இல்லை. இரண்டு நாளாகக் கடை ரொட்டிதான்.

ஜூலை 11, வெள்ளி

நாளைதான் மாமனாரின் பிறந்தநாள். சகலை போன் செய்தான். "சகலை, கயிறு எடுத்து வச்சுட்டேன். இந்தத் தடவை புதுசு, சிவப்புக் கலரு."

போனை வைத்துவிட்டேன். பயமாகத்தான் இருக்கிறது. அவனுக்கல்ல, அவள் அந்த ஜீப்பில் ஏறி உட்காருவதை நான் நின்று பார்க்க வேண்டியிருக்குமே, அதற்கு.

ஜூலை 13, ஞாயிறு. மேய்ச்சல் நிலத்தில், காலை

வென்றேன். அதை முதலில் எழுதிவிடுகிறேன்.

நேற்றுக் கணவாயில் காற்று மெலிந்த உயரத்தில் எல்லா வண்டிக்கும் மூச்சு வாங்கியது. என்னுடையது அங்கேதான் தெம்பாக ஏறியது. சகலையைச் சுரங்கப்பாதைக்கு முன்பே தாண்டினேன். இறக்கத்தில் அவன் என்னைத் தாண்டினான். மேய்ச்சல் நிலத்துக்குப் போகும் கடைசி ஏற்றத்தில், மண் பாதையில், மிதித்தேன். பெருமூச்சு, யோசனை, தள்ளல்! மடியிலிருந்த கேக்கைக் கட்டிப்பிடித்துக்கொண்டு குல்சினா சிரித்தாள். அவள் கேக்கை டிக்கியில் வைக்கச் சம்மதிக்கவில்லை. ரொட்டியை மட்டும் வைத்தாள், கெட்டால் போகட்டும் என்று.

கூடாரங்களுக்கு முன்னால் வந்து நின்றேன். அங்கேதான் சனி பிடித்தது.

எங்கள் முறைப்படி மருமகன் எட்டவே இறங்கி, நெஞ்சில் கை வைத்து, நடந்து வந்து வணங்க வேண்டும். ஆனால் டர்போ கனன்றுகொண்டிருக்கிறது. அணைத்தால் போன வருஷக் கதைதான். எஞ்சினை ஓடவிட்டு இறங்கலாமே? இறங்கலாம், ஹேண்ட்பிரேக் இருந்தால். சரிவில் நிற்கிறது வண்டி. காலை எடுத்தால் பின்னால் உருண்டு ஆட்டுப்பட்டிக்குள் போய்விடும். "ஒரு கல்லு வைடி" என்று சொல்வதற்குள் குல்சினா கேக்கோடு அவள் அம்மாவிடம் ஓடிவிட்டாள்.

ஆக, மாமனார் வீட்டார் அத்தனை பேரும் வரிசையாக நிற்க, நான் வண்டிக்குள் உட்கார்ந்தபடி நெஞ்சில் கை வைத்துத் தலையை ஆட்டுகிறேன்.

"என்ன இவரு, புதுப்பொண்ணாட்டம் இறங்க மாட்டேங்கறாரு?" இது மாமியார்.

அதற்குள் சகலை வந்தான். தூரத்திலேயே இறங்கினான். நெஞ்சில் கை, குனிந்த தலை, அடிமேல் அடி. பாவி, அழகாக நடந்தான். எல்லாரும் அவனைக் கட்டிக்கொண்டார்கள்.

மாமனார் ஷாம்ஷி குதிரையில் வந்தார். ஒரு காலத்தில் பந்தயக் குதிரைகளைப் பழக்கியவர். இறங்கி, சுற்றிப் பார்த்து, டிக்கி மேல் உள்ளங்கையை வைத்து வெடுக்கென்று எடுத்தார்.

"ஏன் மாப்ளே இறங்கல?"

"சூடா இருக்கு மாமா. ஆறணும். ஆறாம அணைச்சா செத்துடும்."

"எங்கிருந்து ஓட்டுன?"

"கீழ இருந்து ஒரே மூச்சா."

அவர் முகம் மாறியது. கூட்டத்தைப் பார்த்துக் கத்தினார். "மாப்ள மேல ஒரு தப்பும் இல்ல! வேர்த்த குதிரைய விட்டுட்டு எவனாவது விருந்துக்கு வருவானா?" பிறகு என்னிடம், "ஆனா நிக்க வச்சு ஆத்தக் கூடாது. மெதுவா நடக்க விடணும்."

"மாமா, இது நின்னாலே ஆறிடும்..."

"எனக்கே குதிரை சொல்லித் தர்றியா?"

ஜீப்பிலிருந்து கயிறு வந்தது. புதுசு, சிவப்புக் கலர்.

எழுபதாவது பிறந்தநாளில் மாமனாரிடம் வேண்டாம் என்று எந்த மருமகன் சொல்வான்? கயிற்றின் ஒரு முனை என் வண்டிக் கொக்கியில், மறுமுனை அவர் சேணத்தில். குதிரை முன்னே நடக்க, எஞ்சின் முணுமுணுக்க, நான் ஸ்டீயரிங்கைப் பிடித்துக்கொண்டு பின்னே. மேய்ச்சல் நிலத்தை ஒரு முழுச் சுற்று. சகலை படம் பிடித்தான்.

"சகலை! இந்த வருஷம் ஒரே குதிரை சக்திதானா?"

எனக்கு அது மனதில் ஏறவே இல்லை. குல்சினாவைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். அக்காவின் ஜீப் பக்கத்தில் நின்றாள். சாயிரா கதவைத் திறந்து, "வாடி, சொன்ன சொல்லைக் காப்பாத்து" என்று சிரிக்கிறாள். குல்சினா கயிற்றைப் பார்த்தாள். இன்னும் கையிலேயே இருந்த கேக்கை அக்காவிடம் கொடுத்தாள். போச்சு, எல்லாம் போச்சு...

புல்வெளியின் குறுக்கே நடந்து வந்தாள். நகர்ந்துகொண்டிருந்த என் வண்டியின் கதவைத் திறந்து ஏறி உட்கார்ந்தாள்.

கதவை இழுத்துச் சாத்தினாள். பிறகு:

"கயிறு கட்டுனா அக்கா வண்டின்னு சொன்னேன்."

"சொன்ன."

"எங்கப்பாவே கட்டுவாருன்னு எனக்கென்ன தெரியும்?"

இன்னும் கொஞ்ச தூரம் போனோம். குனிந்து தன் பாதங்களைப் பார்த்தாள்.

"கால் சுடலைங்க."

எனக்குக் கண் கலங்கிவிட்டது. சாலையைப் பார்ப்பதுபோல் குதிரையின் வாலைப் பார்த்துக்கொண்டேன்.

மருமகனுக்கு உரிய நெஞ்சுக்கறி சகலைக்குத்தான் போனது. முறைப்படி இறங்கி வந்தவன் அவன். சரி, தின்று தொலையட்டும். ஆனால் டிக்கியிலிருந்து வந்த ரொட்டியைப் பிட்ட மாமனார் நிமிர்ந்து, "இந்த மலை மேல சுடச்சுட ரொட்டியா! யார் அடுப்புல சுட்டது?" என்று கேட்டார்.

"என் தட்டுலதான்ப்பா" என்றாள் குல்சினா.

ஜூலை 20, ஞாயிறு

சகலையின் படம் சொந்தக்காரர்கள் எல்லாருக்கும் போய்விட்டது. ஓஷ் நகரத்தில் இருக்கும் சித்தப்பா போன் செய்து, குதிரை என்ன விலை என்று கேட்டார்.

ஜூலை 27, ஞாயிறு

ஹேண்ட்பிரேக் கம்பி போட்டாயிற்று. குல்சினா புதுத் தட்டு வாங்கிவிட்டாள். அதைத் தொடக் கூடாதாம்.

இன்று மலைப்பக்கம் போய்விட்டு வந்தோம். வீட்டு வாசலில் நிறுத்தி, ஹேண்ட்பிரேக்கை இழுத்து, எஞ்சினை ஓடவிட்டு, "நீ போ, ஆறினதும் வர்றேன்" என்றேன். அவள் இறங்கவில்லை. பையிலிருந்து தெர்மாஸை எடுத்தாள், இரண்டு கிண்ணத்தையும் எடுத்தாள். காலையிலேயே வைத்திருக்கிறாள்.

"ஆறட்டும்" என்று டீயை ஊற்றினாள்.

டர்போ எப்போதோ ஆறியிருக்கும். நான் சாவியைத் திருப்பவில்லை.