சொறிமீன் கொட்டாத கை

8 பிப்ரவரி 1949, செவ்வாய்

வாடைக் காற்று. கடல் கலங்கல். பேனாவுக்கு நிப்பு மாற்ற வேண்டும்.

சங்குகுளிக் கட்டுரை காலைத் தபாலில் போய்விட்டது. ஞாயிறு மலருக்கு. கட்டுரை முழுக்கச் சங்கு குளிக்கும் இன்னாசி என்பவனின் இடது கை. பட்டால் தீயாய் எரியும் சொறிமீன் மிதக்கும் தண்ணீரில் மற்றவர்கள் தயங்க, வள்ளத்தை நடத்தும் தண்டல் தொம்மை போடும் சத்தம்: "ஏலே இன்னாசி, நீ முதல்ல இறங்குலே! உன் கையைப் பாத்தா சொறியே ஓடிரும்." இன்னாசி இடது கையால் சொறிமீன்களை வழித்துத் தள்ளிவிட்டு மூழ்குவான். தோல் தடிக்கும், வலி இல்லை. மாதா கொடுத்த வரம் என்கிறான். நான் நேரில் பார்த்தது.

9, புதன்

இருமலுக்கு மருந்து வாங்க டாக்டரிடம் போனேன். பெருமைக்குக் கட்டுரை நகலைப் படித்துக் காட்டினேன். பாதியில் நிறுத்தினார்.

"அந்தக் கையில வெளுத்த தேமல் இருக்கா?"

இருக்கிறது. என் குறிப்பிலும் இருக்கிறது. கட்டுரையில் அழகு கெடும் என்று விட்டுவிட்டேன்.

"அண்ணாச்சி, அது வரமில்ல. குஷ்டமா இருக்கலாம். பாத்தாத்தான் தெரியும்."

வேறொரு நோயாளியின் கண்ணாடிச் சில்லை நுண்ணோக்கியில் வைத்துக் காட்டினார். நீல நிறத்தில் உடம்பின் செல்கள். அவற்றுக்குள் கிருமிகள், சிவப்புக் குச்சிகளாக, பீடிக்கட்டு போல அடுக்கடுக்காக. அவர் சொன்னது, புரிந்தவரை:

கிருமியைக் கொல்லத்தான் செல் விழுங்குகிறது. விழுங்கப்பட்டது சாவதில்லை. உள்ளேயே பெருகுகிறது, மிக மெதுவாக. செல் நிரம்பினால் அடுத்த செல். நரம்புக்குள்ளும் புகும். அங்கே புகுந்தால் உணர்ச்சி போகும்.

சுங்கக்காரன் பிடித்துப் பூட்டிய அறையிலேயே கள்ளன் குடும்பம் நடத்துவது போல என்றேன். டாக்டர் சிரிக்கவில்லை.

கட்டுரையில் பெயர், தெரு, வள்ளம் எல்லாம் இருக்கின்றன. ஞாயிறன்று வந்தால், டாக்டரைப் போல இது குஷ்டம் என்று இன்னும் எத்தனை பேர் கண்டுகொள்வார்கள்? பிறகு அவனை எந்த வள்ளத்தில் ஏற்றுவார்கள்?

ஆசிரியருக்குத் தந்தி: கட்டுரையை நிறுத்துக. தகவல் பிழை.

10, வியாழன்

பதில் தந்தி: என்ன பிழை?

நான்: என்னுடையது.

மீண்டும் தந்தி. நிறுத்தியாயிற்று. கோபம் தெரிகிறது. இருக்கட்டும்.

மாலை இன்னாசியைக் கடற்கரையில் தனியாகப் பிடித்தேன். "ஞாயித்துக்கிழமை என் பேரு வருமா அண்ணாச்சி?" என்றான். வராது என்றேன். காரணத்தையும் சொன்னேன்.

"மாதா குடுத்ததை நோயிங்கிதியளா?"

பதிலுக்கு அவன் உள்ளங்கையைத் திருப்பிக் காட்டினேன். சங்கு கீறிய ஆழமான வெட்டு. மணல் ஒட்டியிருந்தது. எப்போது பட்டது என்று கேட்டேன். அவனுக்குத் தெரியவில்லை. தன் கையையே பார்த்துக்கொண்டு நின்றான்.

13, ஞாயிறு

பூசை முடிந்து இன்னாசி என்னோடு டாக்டரிடம் வந்தான். தொம்மையிடம் காதுவலி என்று சொன்னானாம். டாக்டர் கதவைச் சாத்தினார். அவன் பயப்படாமல் இருக்க முதலில் என்னை உட்காரவைத்தார். கண்ணை மூடிக்கொண்டேன். கையில் பஞ்சு பட்டதும் "இங்கன" என்றேன். அடுத்து இன்னாசி. வலது கையில் ஒவ்வொரு தடவையும் சரியாகச் சொன்னான். இடது கைக்கு வந்ததும் கண்ணைத் திறக்காமலே கேட்டான்:

"எப்ப டாக்டர் தொடுவிய?"

நான்கு முறை தொட்டிருந்தார்.

கிருமி இருக்கிறதா என்று பார்க்கக் காதுமடலில் சிறு கீறல், கண்ணாடிச் சில்லில் பூச்சு.

14, திங்கள்

வெயில். இருமல் குறைவு.

சில்லில் சிவப்புக் குச்சிகள். இன்னாசி தானே பார்க்க வேண்டும் என்றான். பார்த்தான். "இவ்வளவு பேரா உள்ள குடியிருக்கானுவ?"

இந்த நோய்க்கு வந்திருக்கும் புது மாத்திரைக்கு மதராஸுக்கு எழுதியிருப்பதாக டாக்டர் சொன்னார். அதுவரை நீரடிமுத்து எண்ணெய் ஊசி. வாரம் தவறக்கூடாது. வருடக்கணக்காகும். வெட்டு ஆறும்வரை கடலில் இறங்கக்கூடாது.

"போன உணர்ச்சி திரும்புமா?"

"கொஞ்சம் வரலாம். வராமலும் போகலாம். மேல பரவாம தடுக்கப் பாப்போம்."

இன்னாசி சட்டைக் கையைச் சுருட்டினான்.

"போடுங்க. சொறி கொட்டுனா நான் அலறணும். அதுவரைக்கும் வாரேன்."