கன்னியம்மாவின் கூலி

ஆவணி 9, செவ்வாய்

இன்று என் கையால் முதல் கணக்கு எழுதினேன். முதியோர் வகுப்புக்கு ஆறு மாதம் போனது வீண்போகவில்லை. நான் நெய்த சேலை விற்றது எட்டாயிரம். பட்டு, ஜரிகை, சாயம், தறியில் பாவு நூல் பிணைத்த கூலி எல்லாம் சேர்த்து ஐயாயிரத்து எழுநூறு. லாபம் இரண்டாயிரத்து முந்நூறு. என் மனைவி கன்னியம்மாவுக்குச் சத்தமாகப் படித்துக் காட்டினேன்.

ஊடை நூலைக் குச்சியில் தார் சுற்றிக்கொண்டிருந்தவள் ராட்டையை நிறுத்தினாள்.

"இன்னாயா, என் கூலி எங்க?"

"பொண்டாட்டிக்கு எவன்டி கூலி குடுக்கிறான்?"

"தோளு வுட்டுப் போவுது. அடுத்த சேலைக்குத் தார் சுத்த வெளியாள வையி. அவளுக்குக் குடுப்ப இல்ல? அத்த எழுது."

சிரித்துக்கொண்டே அவள் பெயரை எழுதினேன். வகுப்பில் என் பெயருக்கு அடுத்து நான் கற்ற பெயர் அது. பத்து நாள், நாளுக்கு இருநூற்றைம்பது. கழித்தால் இருநூறு நஷ்டம்.

"இத்தினி வருசமா யாரு சோறு போட்டதுன்னு இப்பத் தெரியுதா?" என்றாள்.

எனக்குச் சுருக்கென்றது. ஸ்கேலை வைத்து அவள் பெயரின் மேல் கோடு போட்டேன். லாபம் திரும்பி வந்தது.

"ஆளெல்லாம் கட்டாது. நீயே சுத்து."

அவள் மறுபடி தார் சுற்ற உட்கார்ந்தாள். ராட்டை இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது.

கோடு கொஞ்சமும் வளையவில்லை. நாளை வாத்தியாரம்மாவிடம் காட்ட வேண்டும்.