கொடிக்கம்பத்தின் மறுமுனை

பானிச்சேவோ,
11 ஜனவரி 1996

அன்புள்ள ராங்கெல்,

வார்னாவுக்கு நல்லபடியாகப் போய்ச் சேர்ந்திருப்பாய். எனக்கு உடம்புக்கு ஒன்றுமில்லை, மனசுதான் கொதிக்கிறது.

இயேசுவின் ஞானஸ்நானத் திருநாளன்று பாதிரியார் ஆற்றில் எறியும் மரச்சிலுவையை நீந்தி எடுப்பவன் வீட்டில் ஆண்டு முழுக்க நோய்நொடி வராது. கைக்குழந்தைக்காரன் எனக்கல்லவா அது வேண்டும்! இன்னும் இரண்டு வீச்சில் எட்டியிருப்பேன். நீயோ கரையில் இருந்த கோயில் கொடியைப் பிடுங்கி, கம்பத்தை என் நெஞ்சில் இடித்து, ஊர் பார்க்க இழுத்துப் போட்டாய். மாதா படம் போட்ட பட்டுக்கொடி சேற்றில். "விடுடா, விடுடா" என்று எத்தனை தடவை கத்தினேன்! காதில் விழவில்லையா?

அம்மா கேட்கிறாள்: "மாதா கொடியையே தண்ணியில முக்குனவன் கையிலயா நம்ம புள்ளையக் குடுக்கறது?" என் மகள் நேதாவுக்கு உனக்குப் பதில் வேறு ஞானத்தகப்பனைப் பார்க்கச் சொல்கிறாள். ஏன் இப்படிச் செய்தாய்?

லூபென்

வார்னா,
17 ஜனவரி

அன்பு லூபென்,

எவ்வளவு வேண்டுமானாலும் திட்டு. ஆனால் நீ கத்தவே இல்லை. அதனால்தான் கம்பத்தைப் பிடுங்கினேன்.

கடற்கரையில் உயிர்காவல் வேலை பார்ப்பவன் நான். மூழ்குகிறவன் கத்த மாட்டான். மூச்சுக்கே வாய் போதாதபோது எங்கே கத்துவது? "டேய் லூபென், என்னடா ஆச்சு?" என்று கூப்பிட்டேன். என்னைத்தான் பார்த்தாய், பதில் இல்லை. தலை பின்னால் சாய்ந்து, வாய் நீர்மட்டத்தில் அமிழ்ந்து அமிழ்ந்து எழுந்தது. இல்லாத ஏணியில் ஏறுகிறவனைப் போலக் கைகள். கால் உதைக்கவே இல்லை. ஊரே பாடிக்கொண்டிருந்தது. நான் குதித்திருந்தால் என்னையும் சேர்த்து அமுக்கியிருப்பாய். கைக்கு எட்டியது கொடிதான். மாதா கோபித்துக்கொண்டதாகத் தெரியவில்லை, உன் அம்மாதான்.

நேதாவை வேறு யார் கையிலாவது கொடுத்தால் எனக்கு வலிக்கும்.

உன் ராங்கெல்

பானிச்சேவோ,
24 ஜனவரி

ராங்கெல்,

நீ எழுதியது வேறு யாருக்கோ நடந்தது போல இருக்கிறது. நான் நீந்தினேன், நன்றாக ஞாபகம் இருக்கிறது. தண்ணீர் வெதுவெதுப்பாகக்கூட இருந்தது. இதைச் சொன்னால் என் மனைவி ஸ்லாட்கா, "ஜனவரி மாச ஆத்துல வெதுவெதுப்பா? ரக்கியா குடிச்சிட்டுத்தான குதிச்ச?" என்கிறாள். ஒரு கிளாஸ்தான், எல்லாரும் குடிப்பதுதான். எனக்குத் தலை சுற்றுகிறது. புகைப்படக்காரர் பெஞ்சோ வீடியோ எடுத்திருக்கிறாராம். ஞாயிறன்று பார்க்கப் போகிறோம். நீ சொன்னது பொய்யென்றால் நம் உறவு அதோடு சரி.

லூபென்

பானிச்சேவோ,
29 ஜனவரி

அன்பு ராங்கெல்,

பார்த்தோம். பாட்டு கேட்கிறது. நீ என்னைக் கூப்பிடுவது கேட்கிறது. என் சத்தம் எங்குமே இல்லை. சிலுவை இடப்பக்கம் மிதக்கிறது, நான் ஆகாயத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். அம்மா திரும்பத் திரும்பப் போடச் சொன்னாள். "இவன்தான் கத்துனேன்னானே" என்று பெஞ்சோவிடம் சண்டைக்குப் போனாள். வரும் வழியில் கோயிலுக்குப் போய்க் கொடியை வாங்கி வந்து, கிழிசலைத் தைத்துக்கொண்டிருக்கிறாள்.

எனக்கு இன்னும் குழப்பம்தான். நான் கத்தியது என் காதில் இப்போதும் கேட்கிறதே, ராங்கெல்.

பிப்ரவரி பதினெட்டு ஞாயிறு ஞானஸ்நானம். பாதிரியார் நேதாவை மூன்று முறை தண்ணீரில் முக்கி எடுப்பார். அவள் அழாமல் இருந்துவிடுவாளோ என்று இப்போதே பயமாக இருக்கிறது. நீ தொட்டியை ஒட்டி நில். தண்ணீரிலிருந்து அவளை வாங்கிக்கொள்ள வேண்டியவன் நீதான்.

உன் லூபென்