மடிப்பு மேசைக்கு அவள் திரும்பி வந்தாள்

என் செல்ல மகளுக்கு அம்மா எழுதுவது. ஆண்டவர் தயவில் நானும் அப்பாவும் நன்றாக இருக்கிறோம், அங்கே நீயும் மாப்பிள்ளையும் குட்டியும் சுகமாக இருக்க வேண்டும் என்றுதான் காலையில் எழுந்ததும் என் முதல் ஜெபம். அப்பாவுக்கு முழங்கால் வலி குறைந்துவிட்டது, வாய்தான் குறையவில்லை. நீ அனுப்பிய ஸ்வெட்டரைக் கொளுத்துகிற வெயிலில் போட்டுக்கொண்டு தெரு முழுக்கக் காட்டிவிட்டு வந்தார்.

உன் பள்ளித் தோழியின் அம்மா மறுபடியும் எங்கள் ஆஸ்பத்திரி சலவைப் பகுதியில் வேலை கேட்டு வந்திருக்கிறாள் என்று போனில் சொன்னேன் அல்லவா, நீ எடுத்த எடுப்பிலேயே, சும்மா விடாதேம்மா, இது உன் முறை என்றாய். கேட்க எனக்கும் தித்திப்பாகத்தான் இருந்தது. துணி தேய்க்கும் ரோலர் மெஷினின் சூட்டைக் குறைக்காமல் டீ குடிக்கப் போனவள் அவள், ஒரு வண்டி நிறையப் படுக்கை விரிப்பு கருகியதும் கூசாமல் என் பெயரைச் சொன்னவளும் அவள்தான். அதற்குத் தண்டனையாக இரண்டு வருஷம் அழுக்குத் துணி பிரிக்கும் அறையில் மூக்கைப் பொத்திக்கொண்டு நின்றேன். அது நடந்து பதினொரு வருஷம் ஆகிறது, இப்போது நான் அங்கே சூப்பர்வைசர். மேலாளர் அவள் மனுவை என் முன்னால் வைத்து, நீங்க வேண்டாம்னா வேண்டாம், அவ்வளவுதான் என்றார். திங்கட்கிழமை சொல்கிறேன் என்று வந்துவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் எல்லாரும் கர்த்தருடைய ஜெபம் சொன்னோம். அதில் மன்னிக்கிற வரி வரும்போதெல்லாம் எனக்கு இருமல் வந்துவிடும், இத்தனை வருஷமாக அப்படித்தான். அப்பா என் காதருகே குனிந்து, இந்த இருமலுக்கு எந்த டாக்டர்கிட்ட போறது என்றார். முதலில் சிரிப்பு வந்தது, பிறகு வெட்கமாகப் போய்விட்டது. தன்னை ஆணியடித்தவர்களுக்காக வேண்டிக்கொண்டவரைக் கும்பிடுகிறேன், கருகிப்போன துணிக்காக ஒருத்தி பிழைப்பில் மண்ணைப் போட நாள் பார்க்கிறேன். என்ன ஜென்மம் நான்!

திங்கட்கிழமை அவளையே கூப்பிட்டுச் சொன்னேன், நீ செஞ்சது தப்புதான், அதை இல்லேன்னு சொல்ல மாட்டேன், ஆனா அதை வச்சு இனி உன்னை அடிக்க மாட்டேன், நாளைக்கு வேலைக்கு வா என்று. மறுநாள் மடிப்பு மேசையில் ஆள் குறைவு, நானே அவளோடு நிற்க வேண்டியதாயிற்று. பெரிய விரிப்பை ஒருத்தியால் மடிக்க முடியாது, இரண்டு பேரும் எதிரெதிரே நின்று உதறி, நடந்து வந்து, ஒருத்தி கையில் இருக்கும் முனையை மற்றவள் கையில் கொடுக்க வேண்டும். நாங்கள் முகம் பார்க்காமல் மடித்த முதல் இரண்டும் கோணிக்கொண்டன. மூன்றாவதில் பார்த்துக்கொண்டோம். நான்தான் போட்டேன், உங்கமேல பழி போட்டேன் என்று துவைத்த விரிப்பில் முகத்தைப் புதைத்து அழுதாள். இதை மறுபடி யார் துவைக்கிறது என்று அதட்டினேன், எனக்கும் கண் நிறைந்துவிட்டது. மனசு இப்போது லேசாக இருக்கிறது, பொய் சொல்லவில்லை.

ஆனால் அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டே உன்னை விசாரித்தாள். என் மக கல்யாணத்துக்கு உங்க பொண்ணு வராதது அவளுக்கு இன்னிக்கும் குறைதான் என்றாள். பள்ளிக்கூடத்தில் உன்னோடு ஒட்டிக்கொண்டே திரிந்த தோழி தன் கல்யாணத்துக்குக் கூப்பிடவில்லையே என்று நீ இரண்டு நாள் சாப்பிடாமல் கிடந்தாயே, அவள் கூப்பிட்டிருந்தாள். உன் பெயருக்கு வந்த பத்திரிகையை நான்தான் கிழித்து அடுப்பில் போட்டேன். அவள் அம்மாமேல் இருந்த ஆத்திரத்தை உன்மேல் தீர்த்துக்கொண்டேன் என்று அன்று எனக்கு உறைக்கவில்லை. உன் அப்பாவிடம்கூட நேற்றுதான் சொன்னேன், அவர் ஒரு கேலியும் பேசவில்லை.

அந்தப் பெண்ணின் போன் நம்பரைப் பின்பக்கம் எழுதியிருக்கிறேன், தவறாமல் பேசு. கர்த்தர் உன்னையும் உன் வீட்டையும் கண்ணின் மணிபோலக் காப்பாராக. குட்டிக்கு என் முத்தம். என்னை மன்னிப்பாயா என்று கேட்கிறேன், அவசரப்படுத்தவில்லை. ஆனால் என்னைப்போல் பதினொரு வருஷம் எடுத்துக்கொள்ளாதே கண்ணு, எனக்கு வயதாகிறது.

உன் பதிலுக்குக் காத்திருக்கும்
அம்மா