சுண்டிப் பார்த்த சான்றிதழ்

அண்ணே,

இன்று காலை பள்ளிக்கூடத்தில் பத்தாம் வகுப்புச் சான்றிதழைக் கையில் வாங்கியதும், காதருகே பிடித்து விரலால் சுண்டிப் பார்த்துவிட்டேன். செராமிக் பட்டறையில் சுட்ட கப்புகளைச் சுண்டி, சத்தத்தை வைத்துக் கீறல் கண்டுபிடிக்கும் கை. காகிதம் என்று அதற்குத் தெரியவில்லை. "ஒரிஜினல்தாங்க" என்றார் கொடுத்த அம்மா. கூட வந்த மகள் என்னைத் தெரியாதவள்போல் வேப்பமரத்தைப் பார்த்தாள்.

நான் கப்பை மட்டுமா சுண்டினேன்? உங்களையும்தானே. சூளை சூப்பர்வைசர் வேலைக்குப் பத்தாவது பாஸ் வேண்டும் என்று முதலாளி சொன்ன அன்றே, தனித்தேர்வராக எழுதச் சொல்லி என்னைப் பிடித்துக்கொண்டீர்கள். எட்டாவதோடு நின்ற என்மேல், பட்டறையில் எதிர்மேசையில் வேலை பார்க்கும் உங்களுக்கு என்ன அத்தனை அக்கறை? வாய்விட்டே கேட்டேன், இதில் உங்களுக்கு என்ன கிடைக்கிறது என்று.

"நீ சூப்பர்வைசரானா எனக்கு ஃபேனுக்குக் கீழ மேசை போடுவ இல்ல?" என்றீர்கள். நான் நம்பவில்லை.

ஜங்ஷன் பக்கம் சேவை மையத்தில் என் விண்ணப்பத்தைப் பதிந்ததும், என்னை டீக்கடையில் உட்காரச் சொல்லிவிட்டுத் திரும்ப உள்ளே போனீர்கள். அரை மணி நேரம். ஆள் பிடித்துத் தந்ததற்குக் கமிஷன் பேசுகிறீர்கள் என்று முடிவு கட்டிவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமைகளில் மகள் எனக்குக் கணக்குச் சொல்லித்தரும்போது, துணைக்கு என்று வந்து, நீங்களும் ஒரு நோட்டில் போட்டுப் பார்ப்பீர்கள். "பெரியப்பாவுக்கு வருது, உனக்குத்தான் வரலை" என்பாள். என்னை மட்டம் தட்டத்தான் வருகிறீர்களோ என்று அதிலும் ஒரு சந்தேகம்.

பரீட்சைக்குப் பதினைந்து நாள் இருக்கையில் உங்களுக்கு நெஞ்சுவலி என்றார்கள். மறுநாள் நீங்கள் இல்லை.

முதல் பரீட்சையன்று, எழுத வந்தவர்கள் கையெழுத்துப் போடும் தாளை நீட்டினார் பரீட்சை ஹால் சார். அதில் என் போட்டோவுக்கு மேலே உங்கள் போட்டோ. அன்று சேவை மையத்துக்குப் போட்டு வந்த அதே கட்டம்போட்ட சட்டை. எனக்கு முன் பெஞ்சு காலியாக இருந்தது. ஏன் மறைத்தீர்கள்? பெயிலானால் நான் சிரிப்பேன் என்றா? சிரித்திருப்பேன்தான்.

நாளை சான்றிதழை முதலாளியிடம் காட்ட வேண்டும். அந்த வேலையைக் கொடுப்பாரா என்பதிலும் சந்தேகம்தான்.

அன்று ஹால் சார், "முன்னாடி சீட்டுக்காரரு வருவாரா, தெரிஞ்சவரா?" என்று கேட்டார். "வரமாட்டாருங்க" என்று மட்டும் சொன்னேன். அவரிடம் சொல்லாமல் விட்ட மீதி இதுதான்: 'கமிஷனுக்கு வந்த ஆளுன்னு நெனச்சிட்டேன் சார். என்கூட எழுத வந்தவரு.'