உடையாத வரிகள்

அன்புள்ள மருமகளுக்கு,

கோபித்துக்கொண்டு மகள் வீட்டுக்குப் போனவள் கடிதம் எழுதுகிறாளே என்று பார்க்காதே. இங்கே எனக்கு ஒரு குறையும் இல்லை.

கான்வென்டில் தட்டச்சுக்கு நான்தான் முதல். உன் மாலைநேரக் கணினி வகுப்பில்தான் ஃபெயில். கணினியில் வரி தானாகவே மடங்கும் என்பதை மறந்து, பழைய மெஷின் பழக்கத்தில் தேர்வில் ஒவ்வொரு வரி முடிவிலும் என்டர் தட்டியிருக்கிறேன். நீ பக்கத்தின் அகலத்தைக் குறுக்கியதும் வரிகளெல்லாம் உடைந்து சிதறின. "அத்தை, முப்பது மார்க்தான் போட முடியும்" என்றாய், எல்லார் எதிரிலும்.

நேற்றுக் கடைத்தெருவில் நம் வகுப்பில் படிக்கும் தபால்காரரைப் பார்த்தேன், ரிட்டையர் ஆனவர். "மாமியாருக்கே மார்க் ஏத்திப் போடலையாமே? அப்ப என்னோட எழுபது நிஜம்தாம்மா. வயசானவன்னு பாவம் பார்த்துப் போட்டாங்கன்னு நெனச்சிட்டிருந்தேன்" என்றார். மனிதர் முகத்தில் அப்படியொரு பெருமை. எனக்கும் அந்த மாதிரி ஓர் எழுபது வேண்டும்.

திங்கட்கிழமை மறுதேர்வுக்கு வருகிறேன், பெட்டியோடு. கேள்வியை எளிதாக்கிவிடாதே.

இந்தக் கடிதத்தை நானே கணினியில் அடித்து அனுப்புகிறேன். அகலத்தைக் குறுக்கிப் பார். ஒரு வரியும் உடையாது.

உன் மாமியார்,
இரண்டாம் வரிசை மாணவி