செல்லம்மா மெழுகாத சுவர்

1974 நவம்பர் 12, செவ்வாய். லக்கல.

கொசுவைக் கொல்லும் டி.டி.டி. மருந்து தோய்த்த தாளைச் சுற்றிய குழாயில் நேற்று ஒரு மணிநேரம் அடைத்துவைத்த இருபது கொசுக்களில், இன்று பதினேழு உயிரோடு இருந்தன.

எட்டு வருடமாக இந்த ஊர்ச் சுவர்களுக்கு டி.டி.டி. அடிக்கிறேன். மருந்தைத் தாங்காத கொசுக்கள் செத்தன. தாங்கியவை முட்டையிட்டன. பரிணாமத்துக்கு லட்சக்கணக்கான வருடங்கள் வேண்டும் என்றுதான் படிக்கிற காலத்தில் நினைத்திருந்தேன். எட்டே வருடம். அதுவும் என் கையால்.

தேயிலைத் தோட்டத்துப் பட்டினி தாங்காமல் இங்கே, காடு வெட்டி எரித்துப் பயிரிடும் சேனை வேலைக்கு வந்தவள் செல்லம்மா. போன தீபாவளிக்கு, மருந்தடித்த சுவரின் மேல் சாணம் மெழுகி, மருந்தை மூடிவிட்டாள். மலேரியாவில் மூத்த பிள்ளை போனபோது, "நீ மெழுகினபடியாத்தான்" என்று அவள் முகத்துக்கு நேரே சொன்னேன்.

நாளை தீபாவளி. இன்று அவள் வீட்டுக்குப் போனேன். சுவர் மெழுகாமல், மருந்து வெள்ளையாகப் படிந்தபடியே இருந்தது. சின்னவன் சாக்குக்குள் நடுங்கிக்கொண்டிருந்தான்.

"செவத்துல கையே வைக்கலங்க சார். அப்புறம் எப்படிங்க இவனுக்கும் வந்துச்சு?"

அந்த வெள்ளையின் மேல் மூன்று கொசுக்கள் உட்கார்ந்திருந்தன. குழாயில் பிழைத்த பதினேழைப் போலவே. காய்ச்சல் குளிசையைக் கொடுத்துவிட்டு வந்தேன்.

வியாழக்கிழமை அவள் வீட்டுக்கு மருந்தடிக்கும் முறை. வேறு மருந்து வரவில்லை. அதையேதான் அடிப்பேன். அவளும் சுவரை மெழுகாமல் பார்த்துக்கொள்வாள்.